பதிஞ்சாச்சு

பனிச்சமலைத் தோட்டம்,
நோர்வூட்.
10.2.1974

அண்ணா,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பதினாலு மாதக் கோபம் விடவில்லை. ஆகவே வெறும் அண்ணாதான். உங்களோடு பேசுவதில்லை என்று சொன்ன சொல்லையும் நான் மீறவில்லை. பேசவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

உங்கள் கலியாணக் கார்டு அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. "தலவாக்கலை, காலஞ்சென்ற சூசைரட்ணம் அவர்களின் மகன் கஸ்பர்." அப்பா தலவாக்கலைக்குப் போனது ஆயுளில் நாலு தடவை. நாற்பது வருஷம் பனிச்சமலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய மனிதரை ஒரே வரியில் டவுனுக்குக் குடியேற்றிவிட்டீர்கள். அம்மா கார்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கலியாணத்துக்குப் புறப்பட்டு வந்தாள். நான் வரவில்லை. சரி, அந்தக் கதையை விடுகிறேன். இல்லை, விடவில்லை, தள்ளி வைக்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு காரியம் ஆகவேண்டும்.

மேல்மலையில் பழைய கொழுந்து மடுவம் ஒன்று கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புது மடுவம் கட்டியபிறகு அதில் யாரும் கொழுந்து நிறுப்பதில்லை. தை மாதத்திலிருந்து அங்கே ஐந்து குடும்பம், இருபத்திமூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருந்த தோட்டம் கைமாறியதாம். புதிதாக வந்தவர்கள் செக்ரோல் வேலைப் பதிவில் இவர்கள் பேரை வெட்டி, லயத்துக் கதவையும் பூட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் ஹட்டனில் கடைத் தாழ்வாரங்களில் படுத்திருந்து, விரட்ட விரட்ட நடந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். விலாசம் இல்லாததால் கூப்பன் புத்தகமும் இல்லை, மாவும் அரிசியும் இல்லை. நம் லயத்து ஆட்கள்தான் தங்கள் பங்கில் கிள்ளிக் கொடுக்கிறார்கள்.

அவர்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவள் ராக்காயி என்று ஒருத்தி. அவள் புருஷன் சோலைமலை தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அந்த மடுவத்துக்கு ஒரு கதவு செய்து மாட்டியிருக்கிறார். பாதிச் சுவர் இடிந்து கிடக்கும் இடத்துக்குக் கதவு எதற்கு என்று கேட்டேன்.

"பூட்டின கதவுக்கு முன்னால நின்னு நின்னு அலுத்துப்போச்சு டீச்சரம்மா. உள்ளுக்க இருந்து சாத்துறதுக்கு எங்களுக்குன்னு ஒண்ணு வேணும்" என்றாள்.

மாத முடிவில் லொறி வரும், எல்லாரையும் ஏற்றித் தோட்டத்து எல்லைக்கு அப்பால் இறக்கிவிடுவோம் என்று பெரிய கிளாக்கர் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். இந்த வாந்திபேதிக் காலத்தில் இருபத்திமூன்று பேரை ரோட்டில் இறக்கினால் என்ன ஆகும் என்று சுகாதாரக் காரியாலயத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? ஊசி போட ஆளையாவது அனுப்புங்கள். முடிந்தால் லொறியை நிறுத்துங்கள்.

ஐவி

*

தலவாக்கலை.
15.2.1974

அன்புள்ள தங்கச்சி ஐவிக்கு,

நான் அன்புள்ள என்றே தொடங்குகிறேன். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உறை ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் தோட்டத்து ஆபீசில் ஒருவர் எனக்கு முன்பே வாசித்துவிட்டார். அவருக்கும் என் வணக்கம். இனி உன் கடிதங்களை நோர்வூட் தபால் கந்தோரில் நீயே கொண்டுபோய்ப் போடு. என் கடிதங்களையும் அங்கேயே வாங்கிக்கொள்.

காரியாலயத்தில் எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று நீ நினைக்கிறாய்? சிங்களத்தில் வருவதைத் தமிழில் எழுதுகிறவன் நான். காலையில் வருகிற சுற்றறிக்கை, வீடு வாசல் இல்லாதவர்களை டவுனில் நிற்கவிடாதே என்கிறது. பின்னேரம் வருகிற சுற்றறிக்கை, நோய் கண்ட இடத்திலிருந்து ஒருவரையும் நகரவிடாதே என்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒரே பேனாவால் தமிழாக்குகிறேன். நிற்கவும் கூடாது, நகரவும் கூடாது என்றால் அந்த மனிதர்கள் எங்கே போவார்கள் என்று கேட்க எனக்கு அங்கே நாற்காலி போடவில்லை.

உன் பேர் அந்த விஷயத்தில் அடிபடவேண்டாம். உன் உத்தியோகம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். நீயும் அம்மாவும் படுக்கிற காம்பராவும் தோட்டத்துடையது. இதை மறந்துவிட்டு வீரம் பேசாதே. இங்கே ஒரு அறை காலியாக இருக்கிறது. உன் அண்ணி தெரேசாவும் உங்களை அழைத்துவரச் சொல்லித்தான் நச்சரிக்கிறாள்.

கார்டு விஷயம்: லயத்து இலக்கம் போட்டால் தபால் சேராது. அந்தக் காரணத்துக்காகத்தான் தலவாக்கலை என்று போட்டேன்.

ஊசிக்கு நம் பகுதிச் சுகாதாரப் பரிசோதகர் குணதாச மாத்தயாவிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர். வருவார்.

உன் அண்ணன்,
கஸ்பர்

*

பனிச்சமலை.
3.3.1974

அண்ணா,

தபால் சேராதாம்! கலியாணக் கார்டுக்கு யார் பதில் போடப்போகிறார்கள்? பொய் சொல்வதென்றால் கொஞ்சம் அழகாகச் சொல்லுங்கள்.

சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு நடந்ததைக் கேளுங்கள். ராக்காயியின் மகள் பூரணிக்குப் புதன்கிழமை விடியக்காலையில் வாந்திபேதி தொடங்கியது. பத்து வயசுப் பிள்ளை. நான் போய்ப் பார்க்கும்போது கண் குழிக்குள் போய்விட்டது, கூப்பிட்டால் திரும்பவில்லை. கம்பளியில் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தோளில் போட்டு ரோட்டுக்கு இறக்கினோம். ஒரு மரக்கறி லொறிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். சோலைமலை அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளை பிழைப்பாளா என்று இந்த வரியை எழுதும்வரை எங்களுக்குத் தெரியாது. தினமும் செபமாலை சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

மறுநாள் வியாழக்கிழமை, இருபத்தெட்டாம் திகதி. மாத முடிவு என்று சொன்னது சொன்னபடி பெரிய கிளாக்கரும் லொறியும் வந்துவிட்டார்கள். சட்டி பானையை ஏற்றத் தொடங்கியாயிற்று. ராக்காயி கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எம்புள்ள ஆசுபத்திரியில கெடக்கு. அவ வந்து எங்கன்னு எங்கள தேடுவா?" என்று கத்துகிறாள். நான் கிளாக்கரிடம் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

பூரணியின் செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து எட்டி, அந்த நேரத்தில் குணதாச மாத்தயாவின் சைக்கிள் ஏறி வந்தது. மனிதர் மூச்சு வாங்க இறங்கி, லொறியைப் பார்த்தார், சட்டி பானையைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்து லொறிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். "யன்ன பே! கவுருவத் யன்ன பே!" போகக்கூடாது, ஒருவரும் போகக்கூடாது! நோய் கண்ட இடம், மூன்று கிழமைக்கு ஒருவரும் இந்த இடத்தை விட்டு அசையக்கூடாது, அசைத்தால் அசைத்தவருக்கு வழக்கு. அதுவரை தோட்டம் இவர்களுக்கு நல்ல தண்ணீரும், கக்கூஸ் குழியும், சாப்பாட்டுச் சாமானும் கொடுக்கவேண்டும். பெரிய கிளாக்கரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஏற்றிய பானைகளை அதே லொறி ஆட்களே திரும்ப இறக்கினார்கள்.

பிறகுதான் அந்தக் கூத்து. மாத்தயா அச்சடித்த சிங்களப் பாரத்தில் ஒவ்வொருவர் பேராக எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்த்தார். "ராக்காயி, வயது முப்பத்தாறு, பதிஞ்சி. காளியாயி, வயது ஐம்பது, பதிஞ்சி." இருபத்திமூன்று பேருக்கும் பதிஞ்சி, பதிஞ்சி. ஆஸ்பத்திரியில் கிடக்கும் பூரணிக்கும் பதிஞ்சி. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அந்தக் கதவில் ஒட்டினார். ஒட்டுவதற்குச் சமமான இடம் வேறே ஏது?

அவர் போனதும் ராக்காயி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, கேட்டீங்களா? எங்க பேரெல்லாம் பதிஞ்சாச்சு! கவுருமெண்டு ஐயாவே வந்து பதிஞ்சிட்டாரு!"

உங்களுக்கே தெரியும், தோட்டத்தில் பேர் பதிவது என்றால் என்ன என்று. செக்ரோலில் பேர் ஏறினால் வேலை, வேலை இருந்தால் காம்பரா, காம்பரா இருந்தால் கூப்பன். அவர்கள் மூன்று மாதமாக ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் கேட்டது அந்த ஒன்றைத்தான். சிங்களத்தில் பதிஞ்சி என்றால் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் மகள் சாகக்கிடக்கும் நேரத்தில் அவள் முகத்தில் வந்த அந்த வெளிச்சத்தை என் வாயால் எப்படி அணைப்பது? காளியாயி தகரத்தைத் தட்ட, மற்றவர்கள் பாடவே தொடங்கிவிட்டார்கள். நான் பேசாமல் வந்துவிட்டேன். சொல்லவா, வேண்டாமா?

ஐவி

*

தலவாக்கலை.
8.3.1974

அன்புள்ள தங்கச்சி,

முதலில் பூரணி. ஆஸ்பத்திரிக்கு ஆள் விட்டுக் கேட்டேன். சேலைன் ஏற்றியிருக்கிறார்கள், பிள்ளை எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாளாம். பிழைத்துவிட்டாள். இதை இந்த நிமிஷமே ராக்காயியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

சொல்லிவிட்டாயா? சரி. பதிஞ்சாச்சு என்று அவள் சொன்னதை வாசித்து நான் காரியாலயத்திலேயே சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பதிஞ்சி என்றால் குடியிருக்கிறவர். அரசாங்கப் பாரம் எதை எடுத்தாலும் அந்தச் சொல்லுக்கு எதிரே ஒரு கட்டம் இருக்கும். என் உத்தியோகப் பாரத்தில் அந்தக் கட்டத்துக்குள் நான் தலவாக்கலையில் ஒரு கடைக்காரருடைய விலாசத்தை எழுதினேன். லயம் என்று எழுதினால் வேலை தரமாட்டார்கள் என்று பயம். கலியாணக் கார்டிலும் அதே பயம்தான், தபால் அல்ல. தெரேசாவின் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று அப்பாவை இடம் மாற்றினேன். அழகாகப் பொய் சொல்லச் சொன்னாய். எனக்கு இனி எந்த விதப் பொய்யும் வரவில்லை.

இப்போது என் தலையில் விழுந்த பாரத்தைக் கேள். அந்த அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டவேண்டும். எழுதுகிறவன் நான். உங்கள் பெரிய கிளாக்கர் போன் செய்தார். இனிக்க இனிக்கப் பேசினார், அப்பாவை நன்றாகத் தெரியுமாம். "தமிழ்ல எழுதுறப்ப அத்துமீறித் தங்கியிருப்போர்னு போட்டுடுங்க தம்பி. தங்கச்சிக்கும் நல்லது" என்றார். எங்கள் காரியாலயத்தில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் என்ன எழுதினாலும் முத்திரை குத்திவிடுவார்கள்.

சரியான சொல் எதுவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் இரண்டு நாளாக அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். நீயும் அம்மாவும் இருக்கிற காம்பரா கண் முன்னால் வருகிறது.

ராக்காயியிடம் உண்மையைச் சொல்லிவிடு. தெரியாமல் இருந்தால் மூன்று கிழமை முடியும்போது ஏமாந்துபோவாள். சொல்லிவிட்டு, உதவி அரசாங்க அதிபருக்கு ஒரு மனு எழுது. அழுது எழுதாதே. திகதி, பேர், நடந்தது, அவ்வளவு போதும்.

கஸ்பர்

*

பனிச்சமலை.
17.3.1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த முறை முழுதாகவே எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை தமிழ் அறிவித்தல் வந்தது. குணதாச மாத்தயா சிங்களத்துக்குக் கீழே அதை ஒட்டினார். நான் வாசித்துக் காட்டினேன். "கீழ்க்காணும் குடியிருப்போர்" என்று தொடங்கியது. ழகரத்துக்கு அடுத்த வரி வரைக்கும் வால் இழுத்திருந்தது. அந்த வாலுக்காக நீங்கள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியை நான் எண்ணியிருக்கிறேன். கையால் எழுதிப் படியெடுத்த அந்த ரோணியோ தாளில் அந்த எழுத்தைப் பார்த்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். குடியிருப்போர்! அத்துமீறுவோரும் இல்லை, தங்கியிருப்போரும் இல்லை. என் அண்ணன்!

ராக்காயியிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் வாய்க்குள் வைத்து மென்றுவிட்டுத்தான் சொன்னேன். பதிஞ்சி என்றால் பேர் பதிவு இல்லை, இந்த இடத்தில் குடியிருக்கிறவர் என்று மட்டும்தான் அர்த்தம் என்றேன். அவள் கதவடிக்குப் போய்த் தாளின் மேல் கையை வைத்தாள்.

"நாங்க இங்கதான் குடியிருக்கோம்னு கவுருமெண்டு எழுதிக் குடுத்திருக்கா?"

"ஆமா."

"கையெழுத்து வச்சு?"

"ஆமா."

"ஹட்டன்ல படுத்திருந்தப்ப எங்கள எங்கயுமே இல்லாதவங்கன்னாங்க டீச்சரம்மா. இப்ப இருக்கோம்னு எழுதியிருக்கு. இத வச்சுக்கிட்டு நான் பாத்துக்கிறேன்."

எனக்கு உறைப்பதற்கு முன்பே அவளுக்கு உறைத்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தாளுக்குக் காவல். மழை அடித்தால் கம்பளியைப் போர்த்துகிறார்கள். வெள்ளிக்கிழமை பெரிய கிளாக்கர் காவல்காரன் செல்லசாமியை அனுப்பி அதைக் கிழித்துவரச் சொல்லியிருக்கிறார். அவன் போய் நின்றதும் காளியாயி வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "கிழிடா ராசா. கவுருமெண்டு காயிதத்த கிழிச்சா எத்தன மாசம்னு டீச்சரம்மாகிட்ட கேட்டுக்கிட்டு வந்து கிழி" என்றாளாம். செல்லசாமி வந்த வழியே போய், காற்றில் தாள் ஆடவில்லை, நன்றாக ஒட்டியிருக்கிறது என்று ஆபீசில் சொல்லிவிட்டான்.

பூரணி வந்துவிட்டாள். மெலிந்து கொடியாகக் கிடக்கிறாள், ஆனால் வாய் ஓயவில்லை. மனு போட்டாயிற்று. நீங்கள் சொன்னபடி ஒரு சொட்டுக் கண்ணீர் சேர்க்கவில்லை. வியாழக்கிழமையோடு மூன்று கிழமை முடிகிறது. அதற்குப் பிறகு லொறி வருமா என்பதுதான் இங்கே எல்லாருடைய பேச்சும்.

ஐவி

*

தலவாக்கலை.
25.3.1974

அன்புள்ள ஐவிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், ஆட்கள் பார்க்கிறார்கள். மனு ஏற்கப்பட்டுவிட்டது. ஏப்ரல் ஐந்தாம் திகதி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு நோர்வூட்டில் விசாரணை. அதுவரை ஒருவரையும் அசைக்கக்கூடாது என்று தோட்டத்துக்கும் கடிதம் போய்விட்டது.

மடுவத்தில் ஒருவரும் குடியிருக்கவில்லை, வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கினார்கள், அவ்வளவுதான் என்று தோட்டம் சொல்லப்போகிறது. உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த அறிவித்தல். வேறு பிரதி எதிலும் குணதாச மாத்தயாவின் கையெழுத்தும் முத்திரையும் இல்லை. கதவில் இருக்கிற அதே தாள்தான் வேண்டும். கிழியாமல் உரித்தெடு. ஒரு எழுத்துப் போனாலும், திருத்திக்கொண்டு வந்தார்கள் என்பார்கள்.

நான் வரமுடியாது. வேறு மொழிபெயர்ப்பாளரைப் போட்டிருக்கிறார்கள். தமிழ் அறிவித்தலை யார் எழுதினார்கள் என்று கேட்டால் என் பேரைச் சொல். மறைக்கவேண்டாம். தெரேசாவிடமும் சொல்லிவிட்டேன். "எழுதினதுதானே, எழுதினேன்னு சொல்லுங்க" என்றாள். அவளுக்குப் பயந்தா நான் அப்பாவை இடம் மாற்றினேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

கஸ்பர்

*

பனிச்சமலை.
6.4.1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! இதை முதலில் எழுதாவிட்டால் கை ஓடாது. ஜெயித்துவிட்டோம் அண்ணா!

இனி முறையாகச் சொல்கிறேன். உரித்தெடு என்று லேசாக எழுதிவிட்டீர்கள். மாத்தயா கோதுமை மாப் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார். பலகையும் தாளும் ஒன்றாகிவிட்டன. வெந்நீர் ஆவி பிடித்துப் பார்த்தோம். ஓரத்தில் மை கலங்கத் தொடங்கியதும் நான் அலறி நிறுத்தினேன். வியாழக்கிழமை பின்னேரம் வரை கதவுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தோம். கடைசியில் சோலைமலை எழுந்துபோய்ச் சுத்தியலோடு வந்து கீல் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார். ராக்காயி பதறிப்போய், "என்னாங்க செய்யிறீங்க?" என்றாள். "தாளு வரல்லன்னா கதவு வரட்டும்" என்றார்.

நேற்றுக் காலை கதவைக் கம்பளியில் சுற்றி நாலு பேர் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பஸ்காரர் மாட்டேன் என்றார். "ஏன் தம்பி, கதவுக்கு முழு டிக்கட்டா, அர டிக்கட்டா? எதுன்னாலும் எடுக்கிறோம்" என்று ராக்காயி கேட்க, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நடந்தோம். வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மலையிலிருந்து, "கதவ எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று கூவினார்கள். "சாட்சி சொல்லப் போகுது!" என்று காளியாயி பதில் கொடுத்தாள். அடுத்த வளைவுக்குள் அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. நோர்வூட் கடைவீதியில் ஆட்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு நானும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன்.

கதவை வெளியே சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனோம். உதவி அரசாங்க அதிபர் வயதான சிங்களவர். தமிழ் கொஞ்சம் விளங்குகிறது. தோட்டத்தின் பக்கம் தோட்டத்துரையும் பெரிய கிளாக்கரும் வந்திருந்தார்கள். கிளாக்கர்தான் முதலில் எழுந்தார். "சேர், அந்த மடுவத்துல யாரும் குடியிருக்கல்ல. அது மனுசர் குடியிருக்கிற எடமே இல்ல. பாழடைஞ்ச கட்டடம். அதுக்குக் கதவே கெடயாது" என்றார்.

கதவே கிடையாது! அந்த மனிதர் வாயிலிருந்து அதே சொல் வந்தது அண்ணா. நான் கேட்டு வாங்கியிருந்தாலும் அப்படி வந்திராது. முதல்நாள் நாங்கள் கதவைக் கழற்றியதை யாரோ ஆபீசில் சொல்லியிருக்கவேண்டும். அதைத் தனக்குச் சாதகம் என்று நினைத்திருக்கிறார். ராக்காயி எழுந்து வாசல் பக்கம் திரும்பி, மலையில் கூப்பிடுகிற அதே குரலில், "யோவ், அந்தக் கதவ உள்ளுக்கு கொண்டாங்க!" என்றாள்.

கதவு உள்ளே வந்தது. வாசலில் கொஞ்சம் இடித்துக்கொண்டு, சாய்ந்து, மேசைக்கு முன்னால் வந்து நின்றது. கம்பளியை உரித்ததும் இரண்டு தாளும், இரண்டு முத்திரையும், அப்படியே. துரை அவர்கள் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் முகட்டைப் பார்த்தார்.

அதிபர் எழுந்துவந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிங்களத்தை முழுதாக வாசித்தார். குணதாச மாத்தயாவைக் கூப்பிட்டு, இது உன் கையெழுத்தா என்று கேட்டார். ஆம் என்றார் அவர். பதிஞ்சி என்று ஏன் எழுதினாய் என்று கேட்டார். அதற்கு மாத்தயா சொன்ன பதிலை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னபோது எங்கள் பக்கம் ஒரு ஆரவாரமே எழுந்தது: "இவர்கள் அங்கே குடியிருக்கவில்லை என்றால், மூன்று கிழமையாக நான் யாரை அடைத்து வைத்தேன் ஐயா?"

தமிழை யார் எழுதியது என்றும் கேட்டார். நான் எழுந்து உங்கள் பேரைச் சொன்னேன். "சரியான மொழிபெயர்ப்பு" என்று மட்டும் சொல்லி, குறித்துக்கொண்டார். உங்கள் உத்தியோகத்துக்கு ஒன்றும் ஆகாது. நிம்மதியாக இருங்கள்.

தீர்ப்பு இது. நகரவேண்டாம் என்று அரசாங்கமே ஆணையிட்டு இருத்திய ஆட்களை, நோய் தீர்ந்ததும் ரோட்டில் இறக்கமுடியாது. வேறு நல்ல இருப்பிடம் கொடுக்கும்வரை அவர்களை ஒருவரும் அசைக்கக்கூடாது. அந்த இடமே அவர்கள் விலாசம், அதற்குக் கூப்பன் புத்தகம் கொடுக்கவேண்டும். துரை எழுந்து தானாகவே ஒன்று சொன்னார். கொழுந்து முற்றுகிற காலம், எடுக்க ஆள் போதவில்லை, எப்படியும் இங்கேதான் இருக்கப்போகிறார்கள் என்றால் பேர் பதிந்து வேலை கொடுக்கலாமே என்றார். மனம் இளகிச் சொன்னாரா, கணக்குப் பார்த்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கவலையும் இல்லை.

இன்று காலை பெரட்டில் செக்ரோல் புத்தகம் திறந்தது. பெரிய கிளாக்கர் தன் கையாலேயே எழுதினார். வேலை செய்கிற வயதில் இருக்கும் பதின்மூன்று பேருக்கும் பேர் ஏறியது. ராக்காயி தன் பேர் எழுதி முடியும்வரை மூச்சே விடாமல் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி என்ன சொன்னாள் தெரியுமா?

"அன்னைக்கே சொன்னேன்ல டீச்சரம்மா, பதிஞ்சாச்சுன்னு! நீங்கதான் இல்ல இல்லன்னீங்க."

சிங்களம் படித்த நானும் நீங்களும்தான் தப்பாக மொழிபெயர்த்திருக்கிறோம் அண்ணா.

ஐவி

*

தலவாக்கலை.
9.4.1974

அன்புள்ள என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைத் தெரேசாவுக்கு வாசித்துக் காட்டினேன். கதவு உள்ளே வந்த இடத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தரம் என்னால் முடியவில்லை, அவளே வாங்கி வாசித்தாள்.

நேற்று நானும் ஒரு காரியம் செய்தேன். காரியாலயத்தில் என் பாரத்தைக் கேட்டு வாங்கி, பதிஞ்சி என்ற கட்டத்தில் இருந்த கடைக்காரர் விலாசத்தை வெட்டினேன். நிரந்தர விலாசம்: ஆறாம் நம்பர் லயம், பனிச்சமலைத் தோட்டம், நோர்வூட். மேலதிகாரி பார்த்துவிட்டு, பிழையாக எழுதியிருந்தாயா என்று கேட்டார். "ஆமாம் சேர், எட்டு வருஷப் பிழை" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இதற்கா நான் எட்டு வருஷம் பயந்தேன்!

இந்த வருஷம் ஈஸ்டரும் சித்திரைப் பிறப்பும் ஒரே நாளில் விழுகின்றன, பஸ்ஸில் கால் வைக்க இடம் இராது. அடுத்த ஞாயிறு, இருபத்தோராம் திகதி, நானும் தெரேசாவும் வருகிறோம். அம்மாவிடம் சொல். அந்தக் கார்டை எடுத்து வைக்கச் சொல். பேனாவோடு வருகிறேன்.

இந்தக் கடிதத்தோடு இன்னொன்றும் தபாலில் போட்டிருக்கிறேன். அது உனக்கல்ல.

கஸ்பர்

*

பனிச்சமலை.
17.4.1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் மற்றக் கடிதம் வந்து சேர்ந்தது. சொல்லாமல் இருக்கமுடியவில்லை, உடனே எழுதுகிறேன்.

விடுமுறை முடிந்து இன்றுதான் பெரட்டு. வேலை பிரித்து முடிந்ததும் தபால் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பேர் கூப்பிட்டார்கள். பெரிய கிளாக்கர் ஒரு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ழகரத்தின் வால் எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. பிறகு வேறு வழியில்லாமல் உரக்கப் படித்தார்: "திருமதி ராக்காயி சோலைமலை, பழைய மடுவம், பனிச்சமலைத் தோட்டம், நோர்வூட்."

ஒருவரும் முன்னே வரவில்லை. தன் பேருக்கு ஒரு தபால் வரும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. அவர் இன்னொரு தரம், இன்னும் உரக்கப் படிக்கவேண்டியதாயிற்று. காளியாயி அவளைப் பிடித்துத் தள்ளினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் மடுவத்துக்குப் போனேன். கதவு பழைய இடத்தில் மாட்டியிருக்கிறது, தாள்களும் இருக்கின்றன. உறையைப் பிரிக்கவே இல்லை. உள்ளே என்ன எழுதினீர்களோ எனக்குத் தெரியாது. வாசித்துக் காட்டவா என்று கேட்டேன்.

"உள்ளுக்க இருக்கிறது கெடக்கட்டும் டீச்சரம்மா. மேல எழுதியிருக்கிறத இன்னொருக்கா படிங்க" என்றாள்.

ஏழு தரம் படித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து எட்டாம் தரம் படியுங்கள். வரும்போது மறக்காமல் கதவைத் தட்டுங்கள். யாராவது தட்டவேண்டும், தான் உள்ளேயிருந்து வந்து திறக்கவேண்டும் என்று அவள் காத்திருக்கிறாள்.

உங்கள் தங்கச்சி,
ஐவி